தூக்கப் பட்டியல்

அன்று மாலை, தென்கொரியாவின் தேகு நகரில் ஒரு கோழி வறுவல் கடைக்குக் கீழே இருந்த பயிற்சி அறையில் நான்கு பேர் இருந்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னால், கூரியர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிதே. ஹீட்டரை ஒட்டித் தரையில், கீபோர்டை மடியில் போட்டுக்கொண்டு உன்பி. இருந்த ஒரே நாற்காலியில் ஜேவான். பாட்டுகளை வாங்கிப் பாட்டுச் செயலிகளுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனத்தின் ஆள் என்பதால் அவனுக்கு நாற்காலி. குழுவின் பாடகி சோரான் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அந்தப் பெட்டிக்கு வேறு வேலை இருக்கவில்லை.

ஜேவான் கொண்டுவந்தது நல்ல செய்திதான். 'ஆழ்ந்த தூக்கம்' என்ற பெரிய பாட்டுப்பட்டியலை நடத்துகிறவர்கள் இவர்களிடம் இன்னொரு பாட்டு கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வெளியாக இருந்த புதுப்பாட்டையே கொடுக்கலாம். ஆனால் வெளியாவதற்கு முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும். அதற்கு இன்று மாலைதான் கடைசி. டிரம்ஸைக் குச்சியால் அடிக்கக்கூடாது, பிரஷ்ஷால் வருடினால் போதும். முதல் அரை நிமிஷத்தில் சத்தமோ வேகமோ ஏறக்கூடாது. குரல் வேண்டாம்.

"உங்க குரல் நல்லா இல்லன்னு யாரும் சொல்லலக்கா," என்றான் ஜேவான். "நல்லா இருக்கறதுதான் தொந்தரவு. தூங்கப்போறவன் காதைக் கொடுத்துக் கேக்க ஆரம்பிச்சிடுறான்."

சோரான் தலையை ஆட்டினாள்.

இதெல்லாம் ஒரு தவறில் ஆரம்பித்தது. போன பாட்டை வெளியிட நாள் குறித்த வாரத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாளைத் தள்ளிப்போட முடியாமல், குரலில்லாமலே பாட்டை அனுப்பினார்கள். பாட்டின் விவரங்களை நிரப்பும் வேலை கிதேவிடம் இருந்தது. பார்சல்களோடு ஏதோ ஒரு அடுக்குமாடியின் லிஃப்டில் போய்க்கொண்டே, போனில் நிரப்பினான். 'இந்தப் பாட்டின் மனநிலை என்ன' என்ற கேள்விக்கு வந்தபோது, தனக்கு அப்போது வந்துகொண்டிருந்ததையே தொட்டுவிட்டான். தூக்கம். அந்த ஒரு தொடுதலில் பாட்டு பெரிய பட்டியலுக்குள் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷமாக நகராமல் இருந்த கேட்பவர் எண்ணிக்கை தினமும் ஏறியது. மேலே கோழிக்கடைக்காரம்மா ஊறவைத்த முள்ளங்கியை ஒரு கிண்ணம் நிறைய இலவசமாக இறக்கிவிட்டாள்.

அந்தத் துணிச்சலில் ஒரு அரங்கத்தைப் பிடித்துக் கச்சேரி வைத்தார்கள். முன்வரிசை மட்டும் நிறைந்தது. அதிலும் உன்பியின் சொந்தக்காரர்கள் பாதி. அவளுடைய பெரியம்மா இரண்டாவது பாட்டிலேயே கண்ணயர்ந்துவிட்டாள்.

"பட்டியலை ஒழுங்காப் புரிஞ்சுக்கிட்டது உன் பெரியம்மா ஒருத்திதான்," என்று கிதே அதற்குப் பிறகு பல தடவை சொல்லிவிட்டான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை. காலையிலிருந்து படியேறிய கால்களை நீட்டிக்கொண்டு, குரலில்லாமலே கொடுத்துவிடலாம் என்றான். கதவு திறந்திருக்கும்போது உள்ளே போவதை விட்டுவிட்டு, வாசலில் நின்று ரோஷம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டான். அவனைத் தப்புச் சொல்ல சோரானால் முடியவில்லை. ஆனால் இந்தப் பாட்டையும் குரலில்லாமல் கொடுத்தால் அடுத்ததையும் அப்படித்தான் கேட்பார்கள். தன் குழுவில் தனக்கு இடமில்லாமல் போவதை, தானே பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

உன்பி ஜேவானின் போனைக் கேட்டு வாங்கினாள். தூக்கப் பட்டியல் வழியாக வந்தவர்களில் எத்தனை பேர் நம்முடைய வேறு பாட்டு ஒன்றையாவது கேட்டார்கள் என்று தேடினாள். கிட்டத்தட்ட யாருமில்லை. ஜேவான் சங்கடமாகத் தேநீரை உறிஞ்சினான். அவள் திரையை இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனாள்.

"இது என்ன, 'மழைநாள் பஸ்'?"

சின்னப் பட்டியல். கேட்பவர்கள் ஒரு பஸ்ஸை நிரப்பினால் அதிகம். ஆனால் அதன் வழியாக வந்தவர்கள் இவர்களுடைய எல்லாப் பாட்டையும், குரலோடு, கடைசிவரை கேட்டிருந்தார்கள். திரும்பவும் கேட்டிருந்தார்கள். பட்டியல்காரர் பெயர் மா தல்சூ. பெயருக்குக் கீழே ஒரே வரி: குன்வி பணிமனை, கிராமப் பஸ் ஓட்டுநர். குன்வி, நகருக்கு வடக்கே இருக்கும் மலையூர்.

சோரானுக்குக் கச்சேரியின் பின்வரிசை ஞாபகம் வந்தது. மூன்று பெண்கள், ஆப்பிள் சந்தையிலிருந்து நேராக வந்தவர்கள்போல, அவளுடைய பழைய பாட்டு ஒன்றை வரி பிசகாமல் கூடவே பாடினார்கள். எங்கே கேட்டீர்கள் என்று உன்பி போய் விசாரித்தபோது, எங்க பஸ்ஸில்தான், டிரைவர் போடுவார் என்றார்கள். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அத்தனை பேரை விட்டுட்டு ஒரு டவுன்பஸ்ஸா?" என்றான் கிதே.

"டவுன்பஸ் இல்லண்ணே, கிராமத்து பஸ்," என்றாள் உன்பி.

சோரான் பெட்டியை விட்டு இறங்கினாள். "நாம இல்லாட்டியும் அவங்க தூங்கிடுவாங்கண்ணே. அந்தப் பொம்பளைங்க மூணு பேரும் பஸ் ஏறி வந்தாங்க. நான் பாடினதையே அனுப்பலாம்."

கிதே நீட்டியிருந்த கால்களை மடக்கினான். பிரஷ்களை எடுத்து உறைக்குள் போட்டான். பிறகு ஜேவானைப் பார்த்து, "தம்பி, அந்த மனநிலைக் கட்டத்துல தூக்கத்தை எடுத்துட்டுப் பயணம்னு போடு," என்றான்.

பெரிய பட்டியல் திரும்பவும் கேட்காது என்று ஜேவான் எச்சரித்தான். தெரியும் என்றார்கள். அவன் குரலோடு இருந்த பாட்டை அனுப்பிவிட்டு, மூவருக்கும் குனிந்து வணங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினான்.

செயலியில் பட்டியல்காரருக்கு எழுத வழியில்லை. பணிமனைக்குத் தபால்தான் போட வேண்டும். சோரான் காலியான நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். முதலில் நன்றி, பிறகு பின்வரிசைப் பெண்களைப் பற்றி, பிறகு புதுப்பாட்டு வெள்ளிக்கிழமை வருகிற விவரம். மலைச் சாலைக்குப் பொருந்தினால் சேர்க்கலாம், பயணிகள் முகம் சுளித்தால் எடுத்துவிடலாம், வருத்தமில்லை. வசந்தத்தில் சந்தைத் திடலில் வந்து பாட ஆசை, யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதினால் உதவியாக இருக்கும். கெஞ்சலாக வந்த ஒரு வரியைக் கிதே அடிக்கச் சொன்னான். அடித்துவிட்டு, அந்தத் தாளை அப்படியே அனுப்ப மனமில்லாமல் வேறொரு தாளில் முழுதும் திரும்ப எழுதினாள்.

உன்பி உறையில் பசை தடவி ஒட்டினாள். எப்படியும் வெளியே போகிறவன் தான்தான் என்று கிதே அதை வாங்கிக்கொண்டான். முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தான்.

"எத்தனை பொட்டி கொண்டுபோய்க் குடுத்திருப்பேன். வாங்குறவன் பேரை முழுசாப் படிச்சது இப்பதான்."

தெருமுனைத் தபால் நிலையத்தில் ஷட்டரை இறக்கப்போகிற நேரம். கிதே தபால்தலையை நாக்கில் தொட்டு ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, உறையை ஜன்னலுக்குள் நீட்டினான். உள்ளே இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தி, குன்வி போகும் பைக்குள் போட்டாள்.