படையல் பெட்டியில் ஒரு சீட்டு

எங்கள் கடை வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் பொய்யில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. வீட்டுக்கு மூத்த மருமகளாகப் போனவர்கள் திதிக்கும் சூசோக் அறுவடைப் பண்டிகைக்கும் எங்களிடம் ஜோன் வாங்குவார்கள். அதைத் தங்கள் வீட்டுத் தட்டுக்கு மாற்றிவிட்டு, கையில் கொஞ்சம் மாவைப் பூசிக்கொண்டு, "அப்பாடா, இடுப்பே விட்டுப்போச்சு" என்று மாமியார் முன்னால் உட்காருவார்கள். மீனையும் தோஃபுவையும் சீமைச் சுரைக்காயையும் மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் ஒவ்வொன்றாக ஜோன் சுட்டு அடுக்க ஒரு பகல் முழுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவள் அந்தப் பகலுக்கு எங்கே போவாள்?

கம்ப்யூட்டரில் ஆர்டர் போடும்போது குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. எல்லாரும் அதில் ஒன்றையேதான் எழுதுவார்கள்: சீட்டு வைக்காதீங்க. ஒருத்தி, "சீட்டு வைத்தால் என் திதிக்கும் நீங்களே பெட்டி அனுப்ப வேண்டியிருக்கும்" என்றுகூட எழுதியிருந்தாள்.

சீட்டு என்றால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, யாருக்கு, எந்தக் கடையிலிருந்து என்று அச்சடித்த ஒரு தாள். அவ்வளவுதான். அந்தத் தாளுக்காக நானும் சுன்ரே அண்ணியும் போட்ட சண்டை தெகு சந்தை முழுக்கத் தெரியும். சுன்ரே அண்ணி, செத்துப்போன என் வீட்டுக்காரரின் அக்கா. அடுப்பு என்னுடையது. கம்ப்யூட்டரும் பார்சலும் அவளுடையது.

"சீட்டு இல்லாத பொட்டி ஊரு பேரு தெரியாத பொணம் மாதிரிடி ஒக்புன்," என்பாள் அவள். "நாளைக்கு ஒருத்தி தோஃபு வரலைன்னா நீ என்னத்தக் காட்டுவ?"

"தோஃபு வரலைன்னு எவளாவது அழுதாளா? சீட்டு வந்துடுச்சுன்னுதான் அழுதாளுங்க, அண்ணி."

"பொய் சொல்றவளுக்கு நாம ஏன் குடை பிடிக்கணும்?"

"அந்தக் குடை வாடகையிலதான் நீங்க முடி சுருட்டிக்கிறீங்க."

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வசந்தத்தில் உணவு இன்ஸ்பெக்டர் வந்தார். எந்தப் பொருள் எந்த நாட்டுப் பொருள் என்பது ஒவ்வொரு பெட்டியிலும் எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கடையை மூடுவேன் என்றார். பெட்டிக்கு வெளியே ஒட்டிவிடலாம், தெர்மாகோலோடு குப்பைக்குப் போய்விடும் என்று நான் சொன்னேன். ஐஸ் ஈரத்தில் ஒட்டியது உதிர்ந்துவிடுகிறது என்று அண்ணி நிரூபித்தாள். அவள் ஜெயித்தாள். அன்றிலிருந்து எல்லாப் பெட்டியிலும் சீட்டு. போதாததற்கு, பயப்படுகிற மருமகள்களைச் சமாதானப்படுத்த அடியில் ஒரு வரியையும் அவளே யோசித்துச் சேர்த்தாள்: "யாராவது கேட்டால் நீங்களே செய்ததாகச் சொல்லுங்கள். நாங்கள் வாய் திறக்க மாட்டோம்!" பக்கத்தில் கண்ணடிக்கிற ஒரு பொம்மை முகம். அச்சாகி வந்த அன்று அதைச் சந்தையில் எல்லாரிடமும் காட்டினாள்.

எனக்கு ஒரே மகள், மிராங். தெகுவில் பெரிய ஆஸ்பத்திரியில், இதய நோயாளிகள் பிரிவில் நர்ஸ். அவள் கையில் நான் கரண்டி கொடுத்ததே இல்லை. என் இரண்டு முன்னங்கையிலும் எண்ணெய் தெறித்த வடுக்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இருக்கின்றன. நர்ஸ் படிப்பு முடித்த வருஷம் ஒரு புதுக் கொப்புளத்துக்கு மருந்து போட்டபடி, "இந்தக் கையப் பாத்தா எனக்கு அடுப்புப் பக்கமே போகத் தோணலம்மா" என்றாள். "போகாத. அதுக்குத்தானே நான் நிக்கிறேன்" என்றேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

கட்டிக்கொடுத்த இடம் ஆந்தோங், ஆனால் குடித்தனம் தெகுவில். மாப்பிள்ளை கிதே மூத்த மகன். ஆந்தோங்கில் மூத்த மகன் வீடு என்றால் செத்தவர்களுக்குத்தான் முதல் பந்தி. சம்பந்தி, தபால் ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணத்துக்கு முன்பே நேராகச் சொல்லிவிட்டார்: "மருமக வேலைக்குப் போகட்டும், நான் தடுக்கல. ஆனா திதி மேசைக்கு வர்ற ஜோனும் கீரையும் அவ கையால வரணும். அது என்னிக்கு நிக்குதோ, அன்னிக்கு வேலையும் நிக்கணும்." மிராங் சரி என்றாள். அவளுக்கு அந்த வேலை என்றால் உயிர். நின்றுபோன நெஞ்சு தன் கைக்கடியில் மறுபடி துடித்ததை ஒருநாள் எனக்குச் சொன்னபோது அவள் முகம் இருந்த மாதிரி, கல்யாணத்தன்றுகூட இல்லை.

அதனால் ஒவ்வொரு திதிக்கும் நான் சுட்டு, பெட்டி கட்டி, ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புவேன். அவள் அங்கேயே தன் மூங்கில் தட்டுக்கு மாற்றிக்கொண்டு ஆந்தோங் போவாள். ஜோன் உடையாமல் மாற்ற, அடியில் விரித்திருக்கும் எண்ணெய்க் காகிதத்தோடு அப்படியே தூக்கிவிட வேண்டும். சமையலில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒன்றுதான். அந்தப் பெட்டியின் சீட்டை மட்டும் நானே உருவிக் கிழித்துவிடுவேன். பெட்டி, அவள்கூட வேலை செய்கிற நர்சுகள் சாப்பிட என்று அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களைப் போலவே என் மகளும் பொய்யில் குடித்தனம் நடத்துகிறாள் என்று நாத்தனாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இலையுதிர்காலத்தில் கிதேயின் தாத்தாவுக்குத் திதி வந்தது. முந்தின நாளே எல்லாம் சுட்டு ஆறவைத்துவிட்டு, மீன் தீர்ந்துவிட்டதென்று சந்தைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டி கூரியரில் ஏறிப் போயிருந்தது. அண்ணி கட்டியிருப்பாள் என்று தெரியும். சீட்டை மேலேதான் வைத்திருப்பாள், பிரித்ததும் கண்ணில் படும், மிராங் கிழித்துவிடுவாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் கத்தியால் நறுக்கிய நூடுல்ஸ் சூப்பை உறிஞ்சிக்கொண்டே அண்ணி சொன்னாள்: "உன் பொண்ணு பொட்டிக்கும் திதிப் பொட்டி சீட்டையே போட்டேன்டி. நர்சுங்க எல்லாம் யாரோ ஒரு வீட்டு மருமகளுங்கதானே? நாலு ஆர்டர் வரட்டும்."

"மேலயா வச்சீங்க?"

"மேல வச்சா எண்ணெய்ல ஊறிப்போவுது. இப்பல்லாம் காகிதத்துக்கு அடியிலதான் வைக்கிறேன். ஏன், மொகம் ஏன் இப்படிப் போவுது?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி குச்சிகளைக் கீழே வைத்தாள். "பாவி மவளே, இத மொதல்லயே சொல்றதுக்கென்னடி?" என்றாள். பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

மிராங்குக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திதி நாளில் வாசலிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டுவிடுவது அந்த வீட்டுச் சட்டம். சம்பந்தி வீடும் கக்கூசும் தூரத்தில் இருந்தால்தான் நல்லது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அழைக்காமல் போவது, அதுவும் திதிக்குப் போவது, முறையே இல்லை. இருந்தாலும் ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிக்கொண்டு ஆந்தோங் பஸ்ஸில் ஏறினேன். எண்ணெய் நாற்றமடிக்கும் அதே உடுப்புதான்.

போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சம்பந்தியம்மா வாசலில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"வாங்க சம்பந்தியம்மா. சொல்லாம கொள்ளாம?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். தாத்தாவுக்குக் கொஞ்சம் பேரிக்காய்..."

"வேலையா? ஆந்தோங்லயா?" என்று சிரித்தாள். என் கையைப் பிடித்துக் கூடத்தை ஒட்டிய அறையில் உட்காரவைத்தாள். பார்லித் தண்ணீர் கொடுத்தாள். எழுந்தால், "விருந்தாளி சமையக்கட்டுக்கு வரக் கூடாது" என்று தோளை அழுத்தினாள். கதவு இடுக்கு வழியாக மிராங்கின் முதுகு மட்டும் தெரிந்தது. மூங்கில் தட்டிலிருந்து ஜோனை எடுத்து, உயரமான படையல் கிண்ணங்களில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை இருமினேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்து, அம்மா எதற்கு வந்தாள் என்று புரியாமல், பயந்துபோய்ச் சிரித்தாள்.

அந்த ஊரில் படையல் மேசையை ஆண்கள்தான் அலங்கரிப்பார்கள். கிண்ணத்தில் அடுக்கிய உயரம் போதவில்லை என்று கிதேயின் சித்தப்பா சொன்னார். மீதியையும் கொண்டு வா என்று தட்டையே கூடத்துக்கு வாங்கிக்கொண்டார். கடைசி மீன் துண்டுகளை எடுத்தவர் காகிதத்தையும் சேர்த்துத் தூக்கினார். அதன் அடியில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"அண்ணே, இதென்ன? வாழ்த்து அட்டையா?"

சம்பந்தி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சுவரில் தாத்தாவின் பெயர் எழுதிய காகிதம் ஒட்டி, ஊதுவத்தி ஏற்றத் தயாராக இருந்தது. அந்தக் காகிதத்துக்கு முன்னால் மந்திரம் வாசிக்கிற அதே குரலில் சீட்டை வாசித்தார்.

"மூத்த மகன் வீட்டுத் திதிப் பெட்டி. ஒன்று. பெறுபவர், மிராங். மீன் ஜோன், மீன் ரஷ்யா. பெரணித் தண்டு வதக்கல், தண்டு சீனா. பன்றி இறைச்சி, உள்நாடு."

"அப்பா பாஸ்போர்ட் எடுத்துட்டுத்தான் சாப்பிட வரணும்போல," என்றார் சித்தப்பா. ஒரு சின்னப் பையன் சிரித்தான்.

சம்பந்தி அடியில் இருந்த வரியையும் விடவில்லை. "யாராவது கேட்டால் நீங்களே செய்ததாகச் சொல்லுங்கள். நாங்கள் வாய் திறக்க மாட்டோம்." கண்ணடிக்கும் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் கூடத்துக்கு வந்துவிட்டேன். என்னால் உட்கார முடியவில்லை.

"சம்பந்தி, அது கடையில வாங்கினது இல்ல. நான் சுட்டது. பெத்தவ கையால சுட்டு அனுப்பினது. காசு வாங்கல."

"தெரியுது, சம்பந்தியம்மா," என்றார் மரியாதையாக. "கடையில வாங்கினதா இருந்தாக்கூட ஒரு தடவை பொறுத்துப்பேன். எங்க அப்பாவுக்கு வேற குடும்பத்துக்காரங்க ஏன் சமைச்சுப் போடணும்? அவருக்கு ஆளு இல்லையா?"

பெற்ற வயிறு வேறு குடும்பமாம். நான் கிதேயைப் பார்த்தேன். மாமியார் வீட்டுக்கு வந்தால் என் கை ஜோனைத் தின்று விரலை நக்குகிறவன். அவன் தன் கால் உறையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, திதி முடிஞ்சதும் பேசிக்கலாமே" என்றான். பேச அதற்கப்புறம் எதுவும் இருக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஜோன் கிண்ணங்களைக் கீழே இறக்கினார்கள். அந்த இடத்தில் நான் கொண்டுபோன பேரிக்காயைக்கூட வைக்கவில்லை. காலியாகவே விட்டுவிட்டு வணங்கினார்கள். மிராங் சமையலறைக் கதவருகில் நின்றாள். அவள் அழவில்லை. இருதயம் நின்று இனி மீட்க முடியாதவர்களைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல், அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நிலையம் வரை வந்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யார் வச்சாம்மா?"

"அத்தை. அவளுக்குத் தெரியாது."

"திட்டாத," என்றாள். "எத்தனை நாளைக்குத்தான்..."

மாதக் கடைசியில் வேலையை விடுவதாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டாள். மாமியாருக்கு முழங்கால் வலி, வீட்டில் ஆள் வேண்டும் என்று காரணம். ஆந்தோங்குக்கே குடி போனாள். கிதே வார நாட்களில் தெகுவில் இருக்கிறான், சனிக்கிழமை ஊருக்குப் போகிறான்.

சுன்ரே அண்ணி சீட்டிலிருந்து அந்த வரியையும் பொம்மை முகத்தையும் எடுத்துவிட்டாள். சீட்டை எடுக்க முடியவில்லை, இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்துவிட்டுப் போனார். குறிப்பில் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், வைக்காதீங்க, வைக்காதீங்க என்று. அண்ணி ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு, "மன்னிச்சுக்கம்மா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சீட்டை மேலே வைக்கிறாள். எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை இருந்தபோது கடை கலகலப்பாக இருந்தது.

பனிக்காலத்தில் ஒருநாள், பண்டிகை ஆர்டருக்கு நான் அடுப்பில் நின்றுகொண்டிருந்தபோது மிராங் போன் செய்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டேன். அவள் பக்கமும் எண்ணெய்ச் சத்தம் கேட்டது.

"அம்மா, மாவு மொதல்லயா, முட்டை மொதல்லயா?"

"மாவு. மீனை நல்லாத் துணியில ஒத்தி ஈரத்த எடு. இல்லன்னா முட்டை பிச்சுக்கும்."

"தீ?"

"கம்மியா வை. அவசரப்பட்டா மேல கருகும், உள்ள பச்சையா நிக்கும்."

"ம்." திருப்பிப் போடும் சத்தம். அப்புறம், "ஸ்ஸ்" என்றாள்.

"தெறிச்சுதா?"

"ஆமா. மணிக்கட்டுல."

எந்தக் கொப்புளத்துக்கு எந்த மருந்து என்று எனக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான். ஆனாலும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். என் பின்னால் அண்ணி ஒரு சீட்டை அச்சடித்துக் கிழித்தெடுத்தாள். நான் என் கையைப் பார்த்தேன்.

"பழகிடும்டி," என்றேன்.