லைன் கிடைக்கவில்லை

மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, மோடத்தின் பின்னால் இருந்த வயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடியும் சொருகினாள் பொற்கொடி. தூசி மூக்கில் ஏறித் தும்மினாள். அடுத்த அறையில் அவள் அப்பா கிடந்தார். தலைமாட்டில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அப்பன் செத்த அன்றைக்குக் கம்ப்யூட்டரை நோண்டிக்கொண்டிருக்கிறாளே என்று யாரோ நொடித்தது அவள் காதில் விழாமல் இல்லை.

அவளுக்கு வேறு வழியும் இல்லை. விடிகாலையில் பால் பாக்கெட் வாங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்த சென்னியப்பன், உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது. ஆறு மணிக்குத் துடியலூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அமெரிக்காவில் இருக்கும் தம்பி பிரவின்குமாரிடம் விஷயத்தைச் சொன்னாள். டிக்கெட் பார்க்கிறேன், போன் கிடைக்காவிட்டால் அப்பா மெயிலுக்கு எழுதிவிடுகிறேன் என்று அழுதுகொண்டே சொன்னான். பத்து மணிக்கு மறுபடி கூப்பிட்டபோது மணி மட்டும் அடித்தது. இப்போது பன்னிரண்டரை.

சித்தப்பா சுப்பண்ணன் கதவோரம் வந்து நின்றார். காலையிலிருந்து எல்லாக் காரியத்தையும் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடுகிறவர் அவர்தான்.

"என்ன சொல்றான் கண்ணு உன்ற தம்பி? வாரான்னா ஐஸ் பெட்டிக்குச் சொல்லிப்போடலாம், நாளைக்கு ராத்திரி வரைக்கும் தாங்கும். வரலீன்னா நாலு மணிக்கெல்லாம் எடுத்தரோணும். ரண்டுல ஒண்ணு தெரிஞ்சாத்தான் ஆகும்."

"இன்னும் லைன் கெடைக்கலீங்க சித்தப்பா."

"மெயின் ரோட்டுல பிரவுசிங் சென்டர் இருக்குதல்ல? அங்க போய்ப் பாத்துப்போட்டு வந்தா என்ன?"

"அப்பாவோட பாஸ்வேர்டு யாருக்குங்க தெரியும்? இந்தப் பெட்டிக்கு மட்டுந்தான் தெரியும்."

திரையில் அந்த இடத்தில் எட்டு நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் அப்பா என்ன எழுதி வைத்தாரோ.

சென்னியப்பன் முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம் இந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டு, மகனின் மெயிலைப் படிப்பதற்காகவே ஐம்பத்தெட்டு வயதில் மவுஸ் பிடித்துப் பழகினார். மாலை ஏழு மணி ஆனால் வீட்டில் ஊரடங்கு. படுக்கையறையில் இருக்கும் இன்னொரு போனை யாராவது கையில் எடுத்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். அம்மா பாவாத்தாள் தினம் ஒரு தடவையாவது எடுத்துவிடுவாள், கோபிசெட்டிபாளையத்துத் தங்கையிடம் பேச.

"ஏம்புள்ள, போனை வெய்யி! பையன் பாதி வழியில நிக்கறான்!" என்று இங்கிருந்து இவர் கத்துவார்.

"நின்னான்னா உள்ள வந்து சோறு உண்டுபோட்டுப் போகச் சொல்லுங்க!" என்று அங்கிருந்து அவள் குரல் வரும்.

பொற்கொடிக்கு இப்போது அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அரை மணிக்குள் இரண்டு தடவை இணைப்பு கிடைத்துப் போயிருந்தது. முதல் தடவை மோடம் கீச்சென்று கத்திப் பிடித்துக்கொண்டபோது, அடுத்த அறையில் ஒப்பாரியே ஒரு நிமிஷம் நின்றுபோனது. உடனே யாரோ துக்கம் கேட்டுக் கூப்பிட, அறுந்தது. இரண்டாம் தடவை, பெரியநாயக்கன்பாளையத்துக்குச் சேதி சொல்ல ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் ஹால் போனை எடுத்துவிட்டான். இனி போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சித்தப்பா சத்தம் போட்ட பிறகுதான் எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள்.

இப்போது புது வில்லங்கம். டயல் டோன் இல்லை என்றது கம்ப்யூட்டர். மோடத்தை அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். அது நிதானமாக நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டு எழுந்து, அதையே திருப்பிச் சொன்னது. ஹாலுக்குப் போய் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை.

பழுதென்றால் வயரைப் பிடித்துக்கொண்டே போ, அது எங்கே முடிகிறதோ அங்கே போய்ப் பார் என்பார் அப்பா. சுவரோரம் ஆணி அடித்து அவரே இழுத்துவிட்ட வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஹாலைத் தாண்டி, நிலைப்படியில் ஏறி, படுக்கையறைக்குள் போனது வயர்.

உள்ளே பாவாத்தாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் படுக்கட்டும் என்று பெண்கள் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சின்ன ஸ்டூல் மேல் போன் இருந்தது. ரிசீவர் அதன்மேல் இல்லை. சுருள் வயர் கட்டிலுக்குப் போய்த் தலையணைக்கு அடியில் நுழைந்திருந்தது.

பொற்கொடி கதவைச் சாத்தினாள்.

"அம்மா, நீதான் எடுத்து வெச்சயா?"

"ம்."

"ஏம்மா?"

பாவாத்தாள் சேலை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். "எனக்கு மெயிலெல்லாம் தெரியாது கண்ணு. இதை எடுத்து வெச்சா அது வராதுன்னு மட்டுந்தான் தெரியும். எத்தனை திட்டு வாங்கியிருக்கறேன்."

"தம்பி என்ன சொல்றான்னு தெரிய வேண்டாமா?"

"வரலீன்னு சொல்லிப்போட்டான்னா நாலு மணிக்கே தூக்கிருவாங்கல்ல." அவள் குரல் உயரவே இல்லை. "காலைல காப்பி கேட்டாரு. இருங்க, பால் காயட்டும்னேன். அவ்வளவுதான் பேசினது. இன்னிக்கொரு பொழுது ஊட்டுல இருக்கட்டும்னு பாத்தேன்."

காலையிலிருந்து வராத அழுகை பொற்கொடிக்கு அப்போதுதான் வந்தது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையணைக்கு அடியிலிருந்து ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். பாவாத்தாள் தடுக்கவில்லை.

இந்தத் தடவை ஒரே முயற்சியில் லைன் கிடைத்தது. கடிதம் மெல்ல இறங்கியது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தான் தம்பி.

'அக்கா, போன் எப்பவும் பிசி. ராத்திரி சிநேகிதன் ரூமுக்குப் போய் விசாரித்தேன். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்து இன்னும் வரவில்லை. இப்போது வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள். என்னால் வர முடியாது. எனக்காக வைத்திருக்க வேண்டாம். கொள்ளி நீயே வை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.'

இரண்டு தடவை படித்தாள். அவன்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. கடிதத்தை மூடி, இணைப்பைத் துண்டித்தாள். சித்தப்பா வந்து நின்றபோது திரையில் ஒன்றுமில்லை.

"என்னாச்சு அம்மணி? மணி ஒண்ணேகால் ஆகுது."

"லைன் கெடைக்கலீங்க சித்தப்பா."

"அட, அப்ப வாரான்னு வெச்சுக்கறதா, வரலீன்னு வெச்சுக்கறதா?"

"வாரான்னே வெச்சுக்கலாங்க. பாதி வழியில இருந்தான்னா? மொகம் பாக்க உடலீன்னு காலமெல்லாம் நம்மளைத்தானுங்க சொல்லுவான். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிருங்க."

சுப்பண்ணன் தலையைச் சொறிந்தார். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அழுத கண் என்று நினைத்திருப்பார். "சரி, அண்ணனுக்கு ஒரே பையன். நாளைக்கே எடுத்துக்கலாம்" என்று சட்டைப் பையில் பீடியைத் தடவிக்கொண்டு வெளியே போனார்.

வாழ்க்கையில் சித்தப்பாவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும், ஊர் முன்னால் பேச்சு வாங்க வேண்டும். வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்கப்புறம் ஹால் போன் பக்கத்திலிருந்து அவள் நகரவில்லை. மூன்று மணிக்குத் தம்பி கூப்பிட்டான்.

"உன்ற லெட்டர் படிச்சேன். நாளைக்குத்தான் எடுக்கறோம். நான் சொல்ற வரைக்கும் இங்க கூப்புடாத" என்று தணிந்த குரலில் சொல்லி வைத்தாள். யாரு என்று கேட்ட பெரியம்மாவிடம், கூட வேலை செய்கிறவர்கள் என்றாள்.

அம்மாவிடம் மட்டும் போய்ச் சொன்னாள். "நாளைக்குத்தாம்மா எடுக்கறாங்க."

"தம்பி வாரானா?"

பொற்கொடி தலையணையை எடுத்துத் தட்டிப் போட்டாள். பாவாத்தாள் அவளைப் பார்த்தாள், பிறகு தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். "சரி கண்ணு" என்றாள்.

நாலு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. நாலு பேர் சேர்ந்து சென்னியப்பனைத் தூக்கி உள்ளே வைத்துக் கண்ணாடியை மூடினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது. வந்தவர்களில் பாதிப் பேர் நாளைக்கு வருகிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் நீர் கோத்து முகம் மறைந்தது. பாவாத்தாள் முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். மறுபடியும் கோத்தது. அவள் நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் துடைத்தாள்.