சுசீலாபாயின் கைப்பழக்கம்

சுசீலாபாய்க்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. பழவங்காடியில் டாக்டர் யோசுவாவின் பல் டிஸ்பென்சரியில் முதலில் குறடு எடுத்துக் கொடுக்கத்தான் சேர்ந்தாள். பிறகு அவர் பக்கத்தில் நிற்க, தானே பல் பிடுங்கக் கற்றுக்கொண்டாள். கல்கத்தாவில் அவர் படித்த பல் வைத்தியக் கல்லூரியிலேயே இடம் வாங்கித் தருகிறேன், படித்துவிட்டு வா என்று அவர் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"கை பழகின பொறவு நாலு வருசம் அங்க போயி என்னத்த சார் படிக்க?" என்பாள். இந்த வருடமும் மாட்டேன் என்று சொல்வதாகத்தான் இருந்தாள்.

அன்று யோசுவா கொல்லம் போயிருந்தார். காலையில் கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரத்திலிருந்து சேஷன் என்ற குமாஸ்தா தன் மனைவி பாகீரதியைக் கூட்டி வந்தார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலை கவிழ்ந்து நின்றாள்.

"ஆம்பிளை டாக்டர் தன் வாய்க்குள்ள கைவிடப்படாதுன்னு வலியைப் பொறுத்துண்டு கிடந்தா. பொம்மனாட்டி ஒருத்தி இருக்கேள்னு கேள்விப்பட்டு வந்தோம்" என்றார் சேஷன்.

டாக்டர் நாளைக்கு வருவார், அப்போது வாருங்கள் என்று சுசீலாபாய் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தன்னைத் தேடி ஒருவர் வந்துவிட்டால் மனுஷருக்குப் புத்தி கொஞ்சம் பின்னால்தான் நிற்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, குறடு வைத்து ஆட்டினாள். கடைவாய்ப்பல் வேரோடு வந்தது. கல்கத்தாவில் படித்தவன் இதைவிட என்ன கிழித்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டே குழியில் பஞ்சை வைத்து, "கொஞ்ச நேரம் கடிச்சுப் பிடிச்சிருக்கணும், அம்மா" என்று அனுப்பிவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சுசீலாபாய் டிஸ்பென்சரிக் கதவைப் பூட்டப் போனபோது, சேஷன் மேல்துண்டுகூட இல்லாமல் ஓடி வந்தார்.

"ரத்தம் நிக்கல்லே. கார்த்தாலேருந்து நிக்கவே இல்லே. பெரிய ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்கறா. பிடுங்கினவாளையே அழைச்சுண்டு வாங்கோங்கறா."

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வியே யார் பிடுங்கியது என்பதுதான். பாகீரதி அங்கே போகாததில் சுசீலாபாய்க்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பஞ்சும், ரத்தம் கட்டப் படிகாரமும் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த ஆயிரத்தில் முதல் ஆள் பாகீரதிதானோ என்ற நினைப்பு வழியெல்லாம் கூடவே வந்தது.

அக்கிரகாரத்தில் வேற்று ஜாதிக்காரியான அவளை வாசல் வழியாக உள்ளே விடமாட்டார்கள். பின்சந்து வழியாகக் கொல்லைக்குப் போனார்கள். கிணற்றடியில் பாகீரதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. பக்கத்தில் பித்தளைச் செம்பு. சுசீலாபாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினாள். சாக்கடையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. உடனே மறுபடியும் செம்பை எடுத்தாள்.

"இது எப்பம் தொட்டு செய்யிறீங்க, அம்மா?"

"கார்த்தாலேருந்துதான். வாயில ரத்தம் ஊறிண்டே இருக்கே, தீட்டில்லையோ? கொப்பளிக்காம எப்படி இருக்கறது?"

"நான் வச்ச பஞ்சு?"

"டிஸ்பென்சரிப் பஞ்சோட ஆத்துக்குள்ள வர முடியுமோ? தூரப் போட்டுட்டு, வெந்நீர்ல தலைக்கு விட்டுண்டுதான் உள்ளே வந்தேன்."

குழியில் ரத்தம் உறைந்து அடைத்தால்தான் நிற்கும். அது உறைய உறைய இவள் பகல் முழுக்கக் கழுவிக் கழுவி எடுத்திருக்கிறாள். அக்கிரகாரத்துப் பெண் வாயில் ரத்தத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா என்று காலையில் யோசிக்க சுசீலாபாய்க்குத் தோன்றவில்லை. சுசீலாபாயின் வீட்டில் பல் பிடுங்கினால் பஞ்சைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

"செம்பை எடுத்து அந்தால மாத்தி வையுங்க, சார்" என்றாள். பஞ்சை நீட்டினாள். பாகீரதி தலையை ஆட்டி மறுத்தாள். கொடியில், யார் கையும் படாமல் அவளே துவைத்துப் போட்ட மடிப்புடவை உலர்ந்துகொண்டிருந்தது.

"அதுல ஒரு துண்டு நீங்களே கிழிச்சு மடக்குங்க, அம்மா. படிகாரம் தேச்சுக் குழிமேல வச்சுக் கடிங்க. துப்பக் கூடாது. ஊறுறத விழுங்கிரணும்."

"ரத்தத்தையா?" பாகீரதியின் கண்கள் விரிந்தன. "வெங்காயம்கூடத் தொட்டதில்லே நான். செத்தாலும் மாட்டேன்."

"செத்துத்தான் போவீங்க" என்று சொல்லிவிட்டாள் சுசீலாபாய். சேஷன் உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையைத் தூக்கி வந்து மனைவியின் முன்னால் நின்றார்.

பாகீரதி குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தள்ளாடி எழுந்து கொடியை இழுத்துப் புடவையைக் கிழித்தாள். துணியை வைத்துக் கடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணீர் வழிய விழுங்கினாள்.

மூவரும் காத்திருந்தார்கள். இதற்கும் ரத்தம் நிற்காவிட்டால் அடுத்து என்ன செய்வது? சுசீலாபாய் தான் கற்றதையெல்லாம் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தன் கைப்பழக்கம் படிகாரத்தோடு முடிந்துவிட்டது என்று தெரிந்தபோது ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் அங்கேயே நின்றாள்.

கடைசியில் துணியை எடுக்கச் சொல்லி, விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். குழியில் கறுத்த ரத்தக்கட்டி அசையாமல் இருந்தது. புதிதாகக் கசியவில்லை.

"பகவான் மாதிரி வந்து காப்பாத்தினேள், டாக்டர்" என்று சேஷன் கைகூப்பினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் சந்து வழியே நடந்தாள்.

மறுநாள் யோசுவா வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள், "கல்கத்தாவுக்குப் போறேன், சார்" என்றாள். நடந்ததெல்லாம் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிடுங்குறதுக்கு முந்தி, அந்த அம்மைக்கு ரத்தம் உறையாத வியாதி உண்டுமான்னு கேட்டியா, மக்களே?"

சுசீலாபாய் அவரையே பார்த்தாள்.

"அப்படி ஒரு வியாதி உண்டுமா, சார்?"