எட்டு உள்ளங்கை

டமார்!

சலவைக்கூடமே அதிர்ந்தது. இஸ்திரி மெஷின் பக்கம் நீராவி சீறியது; கூடவே ஓர் அலறல். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா போட்டது போட்டபடி ஓடினாள். அது அவள் தங்கையின் குரல்.

தங்கையைக் குழாயடிக்கு இழுத்துப் போய், வலது கையிலும் தோளிலும் முதுகிலும் தண்ணீர் ஓடவிட்டபடியே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அதற்குள் சூபர்வைசர் வந்துவிட்டார். அகன்ற கைகளைப் பார்த்துப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் முறம்.

ஒருநாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போனவர். சுவரில் அவரே ஒட்டிய அட்டை சொன்னது: விரல்களோடு ஓர் உள்ளங்கை அகலம் வெந்தால் உடம்பில் ஒரு சதவீதம், பத்தைத் தாண்டினால் தீக்காய மருத்துவமனை. அங்கே போனால் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், மெஷினுக்குச் சீல் விழும். இது அட்டையில் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

காயத்துக்கு மேலே தன் கையை நகர்த்தி நகர்த்தி எண்ணினார்.

"எட்டு. இதுக்குப் போய் ஆம்புலன்ஸா? களிம்பு போட்டா போதும்."

"சார், தோளெல்லாம் வெளுத்துக் கெடக்கு. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"அவளையே கேப்போம். தோள்ல வலிக்குதாம்மா?"

"கைதான் சார் எரியுது. தோள்ல ஒண்ணுமே தெரியல."

"பாத்தியா? சும்மா ஊதிப் பெருசாக்காதே!"

ஆம்புலன்ஸ் நர்ஸை வாசலிலேயே மடக்கினார். "எட்டு சதவீதம்தான் சிஸ்டர், நாங்களே பாத்துக்கறோம்."

நர்ஸ் அவரை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெளுத்த இடத்தைப் பஞ்சுத் துணியின் நுனியால் தொட்டார். தங்கைக்குத் தெரியவே இல்லை.

"வலிக்கலன்னா நல்லதுன்னு யார் சொன்னது? நரம்பும் சேந்து வெந்திருக்கு. இது ஒண்ணே போதும், கூட்டிட்டுப் போக. எட்டுன்னு எண்ணினது யாரு?"

"நான்தான். இந்தக் கையால."

நர்ஸ் அந்தக் கையை ஏற இறங்கப் பார்த்தார். "வெந்தது உங்க உடம்பா?"

"என்ன சிஸ்டர் கேள்வி இது?"

"யார் வெந்தாங்களோ அவங்க கையாலதான் சார் எண்ணணும்."

தங்கையின் இடது கையை ஒரு தாளில் வைத்து, விரல்களோடு சேர்த்துச் சுற்றி வரைந்து, அதைக் காயத்துக்கு மேலே பிடித்து எண்ணினார். அக்காவும் முணுமுணுத்தபடி கூடவே எண்ணினாள். பன்னிரண்டு.

அக்காவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "முதுகு அவளோடது, அளவுகோல் மட்டும் உங்களோடதா? உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படித்தான் எண்ணுவீங்களா?"

நர்ஸ் படிவத்தை எடுத்துப் பன்னிரண்டு சதவீதம் என்று நிரப்பினார். 'விபத்து நடந்த விதம்' என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது. பன்னிரண்டைப் பார்த்ததும் முறம் பதறிப்போய்க் கத்தினார்:

"அதுல எண்ணினா பன்னெண்டு வராம என்ன பண்ணும் சிஸ்டர்? அவளுக்குக் கொழந்தைக் கை! அது சின்னதா இருக்குன்னுதானே, ஓடற மெஷின்ல துணி சிக்கும்போதெல்லாம் உள்ள விட்டு எடுக்க அவளையே அனுப்பறோம்!"