சொந்தப் பங்கு

"நாங்க வாயைத் திறந்து எதுவும் கேக்கமாட்டோம். தம்பியோட படத்துக்கு மட்டும் ஒரு வழி பண்ணிடுங்க," என்று மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்து கேட்டாள்.

பெண்ணின் அப்பா தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். அவரிடம் இருந்தது இந்த வீடு ஒன்றுதான். விற்றால் இந்த வயதில் அவர் வாடகைக்கு ஒண்டிக்கொள்ள வேண்டும். மகளுக்கு முப்பத்திரண்டு ஆகிவிட்டதை உறவினர்கள் வாரம் தவறாமல் நினைவுபடுத்தியதில், அதற்கும் தலையாட்டும் நிலைக்கு அவர் வந்திருந்தார்.

மாப்பிள்ளை சுயாதீனத் தயாரிப்பாளர். யார் தயவும் இல்லாமல் படம் எடுப்பவர் என்று அவரே அதற்குப் பொருளும் சொன்னார். திரைப்பட நிதியம் ஒன்று செலவில் எழுபது சதவீதம் தருகிறதாம். மீதி முப்பதைத் தயாரிப்பாளர் தன் சொந்தப் பங்காகக் காட்ட வேண்டுமாம். 'சொந்தம்' என்னும்போது அவர் கண் கூடத்துச் சுவர்களை அளந்தது.

"என்ன கதைங்க?" என்று கேட்டாள் மகள்.

"வரதட்சணையால அழிஞ்சுபோன ஒரு பொண்ணோட கதை. இந்தச் சமூகத்தைச் செருப்பால அடிச்ச மாதிரி இருக்கும்."

அந்த வாக்கியத்தை அவள் ஏற்கெனவே படித்திருந்தாள். அவள் உயரம், நிறம், வீட்டின் சதுர அடி என்று ஒன்றுவிடாமல் விசாரித்துக்கொண்டு வந்தவர்கள், அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று மட்டும் விசாரிக்கவில்லை. ஏதோ ஆபீசு என்று தரகர் சொன்னது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அந்த ஏதோ ஆபீசுதான் அந்த நிதியம். வருகிற விண்ணப்பங்களில் எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

இவருடைய விண்ணப்பம் வந்து மூன்று வாரமாகிறது. சொந்தப் பங்கு: முப்பது சதவீதம். மூலம்: குடும்பம். நிலை: உறுதியானது. தரகர் இந்த வீட்டுப் படியேறியதோ போன வாரம்தான். பெண் யாரென்று தெரியுமுன்பே பெண்வீட்டுப் பணத்தை உறுதி செய்துவிட்ட மகானுபாவர் இவர்.

"அந்த விண்ணப்பத்தைச் சரிபாக்குறது நான்தான்," என்றாள்.

தயாரிப்பாளரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அம்மாவுக்கோ வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, நம்ம வீட்டுக்குன்னே பொறந்த பொண்ணு."

"மூலம்ங்கிற கட்டத்துல குடும்பம்னு மொட்டையா எழுதினா செல்லாதுங்க. பணம் குடுக்குறவர் எதுக்காகக் குடுக்குறார்னு கைப்பட எழுதணும். இதோ பேப்பர். அப்பா எழுதுவார். என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த ஒரு சொல்லைத் திட்டி நூற்றுப்பத்துப் பக்கத் திரைக்கதை எழுதிய மாப்பிள்ளைக்கு, அதையே இப்போது சொல்ல நாக்கு எழவில்லை.

"அன்பளிப்புன்னு போடுங்களேன்," என்றாள் அவர் அம்மா.

"அது குடுக்குறவர் மனசாரக் குடுத்தாத்தான். அப்பா, உங்களுக்கு இஷ்டமா?"

அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. மகளைப் பார்த்தார். பேனாவை மெதுவாக மூடினார்.

"இல்லம்மா," என்றார்.

வந்தவர்கள் பிஸ்கட்டைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். பெண்ணுக்குத் திமிர் அதிகம் என்று தரகர் மறுநாள் சொல்லியனுப்பினார். அப்பா அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகச் செய்தித்தாளைப் பிரித்தார்.

விண்ணப்பம் ஒரே மாதத்தில் திருந்தித் திரும்பி வந்தது. மூலம் என்ற கட்டத்தில் வேறொரு பெண்ணின் அப்பாவுடைய கையெழுத்து, கொஞ்சம் நடுங்கியிருந்தது. காரணம்: கலை ஆர்வம். கட்டமெல்லாம் நிரம்பியிருந்தது. ஆனால் பணம் தருபவரிடம் பேசி உறுதி செய்துகொள்வதும் அவள் வேலைதான். கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அவர் மகள் எடுத்தாள்.

"உங்க அப்பாவுக்கு சினிமாவுல ரொம்ப ஆர்வமாங்க?"

"அப்பாவுக்கா? அவர் படமே பாக்கமாட்டாரே. நீங்க யாரு பேசுறீங்க?"

"ஏதோ ஆபீசுல இருந்து பேசுறேன்," என்றாள் அவள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"