சரிந்த மண்ணில் வாற்கோதுமை

பாமீர் மலைமுடிகளின் பனி இளவெயிலில் பொன்னாய் உருக, கீழே ஆறு சாம்பல் நிறத்தில் சினந்து புரள, இரண்டிற்கும் இடையே விரித்த கையளவு நிலத்தில் ஒன்பது வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த இளவேனிற் காலை அது. அறிவுசால் அன்பரே, அம்மலைகள் ஒருகால் கடலடியாய்க் கிடந்தவை. நம் தென்னிலம் பல கோடி ஆண்டுகளாக வடக்கே நகர்ந்து முட்ட, மடித்த துணியெனச் சுருங்கி எழுந்து, நத்தை ஓடுகளை நெஞ்சில் சுமந்தபடி இன்றும் வளர்பவை. வளரும் மலை அவ்வப்போது தோள் குலுக்கும். அதைத் தொட்டிலின் அசைவென எண்ணி அவ்வூரார் பழகியிருந்தனர்.

அவ்வாண்டு நிலம் நடுங்கிய மறுநாள், சரிவில் இருந்த ஊற்று இருமடங்காய்ப் பெருகியது. பெருகும் ஊற்று அருள் என்பது அங்கே வழிவழி வந்த நம்பிக்கை; முதல் நீரில் மாவு தூவி வணங்கி, அது பாயும் வயலில் அன்றே விதைத்துவிடுவர். உழவன் மமத்நசரின் மனைவி குல்பேகிம் மட்டும் அந்நீரை மொண்டு பார்த்தாள், கலங்கியிருந்தது. மேட்டுப் புல்லைக் கிழித்தோடிய விரலகல வெடிப்பையும் கண்டு, கணவனிடம் வந்து சொன்னாள்.

"இன்னிக்குப் போக வேணாங்க. ரெண்டு நாள் பொறுத்து விதைக்கலாம்."

"மலைய மாமியாரப் பாக்குற மாதிரி பாக்காத, குல்பேகிம்," என்றபடி அவன் எருதுகளை அவிழ்த்தான். "தேடி வந்த தண்ணிய வாசல்லயே நிக்க வெச்சா, அடுத்த வருசம் நம்ம பக்கம் எட்டிப் பாக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள். பின்னாளில் அவளை வாட்டியது அச்சிரிப்பே.

நண்பகலில், நீர் ஊறி இளகிய சரிவு முழுதும் பெயர்ந்து இறங்கி, ஏரையும் எருதுகளையும் உழுதவனையும் ஒருசேர மூடி, ஆற்றங்கரையில் அடங்கியது. பதினேழு நாள் தோண்டினர். ஒரு நுகத்தடி மட்டும் கிடைத்தது.

மூன்றாண்டு கழிந்தது. சரிந்த மண், புல் போர்த்திய அகன்ற நிலமாய்க் கிடந்தது. அம்மலைநாட்டில் உழத்தக்க நிலமெல்லாம் அவ்வாறு விழுந்த மண்ணே. ஒன்பது வீட்டு அடுப்புகளும், எந்நாளோ எவரையோ மூடிய சரிவின்மீதே எரிந்தன. வயலிழந்த ஊரில் குழந்தைகளின் கன்னங்கள் ஒட்டியிருந்தன. ஆயினும் அவள் இசைவின்றி ஏர் தொடோம் என்று ஊரார் அவள் வாயிலில் வந்து நின்றனர். மமத்நசரின் தமையன் தொப்பியைக் கையில் கசக்கினான்.

"உழுங்க அத்தான்," என்றாள் அவளே. "ஆழமா மட்டும் உழாதீங்க."

அன்று முதல் அந்நிலத்தில் ஏர்முனை ஒரு சாணுக்கு மேல் இறங்கியதில்லை. வாற்கோதுமையின் வேர்கள் மட்டும், தடுப்பாரின்றி, தமக்கு வேண்டிய ஆழம் வரை சென்றன.