ஸ்டார் இல்லாத கையேடு

அக்காவுக்குக் கண் தெரியாது. ஆனால் பாம்புக் காது. எங்கள் தொலைபேசி நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு வேலை கேட்டு வந்திருந்தாள். மாலை நாலு மணிக்குப் பரீட்சை. பத்துக் கேள்விக்கும் நிறுவனத்தின் கையேட்டில் தேடி உடனே பதில் சொன்னால் வேலை, இல்லையென்றால் வீடு.

கையேட்டை வெறும் எழுத்தாக மாற்றும் கருவி என் பொறுப்பு. தடித்த எழுத்து வருமிடமெல்லாம் அது இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டுவிடும். எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் அக்காவின் கணினி அதையும் விடாமல் வாசித்தது: "ஸ்டார் பச்சை ஸ்டார் பட்டனை ஸ்டார் அழுத்தவும் ஸ்டார்."

"இதுல பதில் எங்கடா இருக்கு? நான் தேடி முடிக்கறதுக்குள்ள கேக்கறவன் தூங்கிடுவான்!"

சுருக்கென்றது. ஆறு வருஷமாக அந்தக் கருவியைக் கட்டி மேய்க்கிறேன். ஒருநாளாவது காதால் கேட்டேனா? வெட்கக்கேடு!

கருவிக்குக் கொடுக்கும் கட்டளையோடு சேர்த்து அடிக்க 'ப்ளெயின்' என்றொரு ஆப்ஷன் எழுதினேன். அதைப் போட்டால் ஸ்டார் அத்தனையும் காலி. ஐந்தே நிமிஷம். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அக்கா கேட்டுவிட்டு, "அழைப்பைத் திருப்பிவிட இருபத்தொண்ணுன்னு சொல்லுது. ஸ்டார் இருபத்தொண்ணுதானே அமுக்கணும்? நிஜ ஸ்டாரையும் முழுங்கிட்டியே, மக்கு!" என்றாள்.

மக்குதான். தடித்த எழுத்துக்கு ஸ்டார் போட்டுவிட்டு அழிப்பது தப்பு, போடாமலே விட வேண்டும். மாற்றி எழுதி முடித்தபோது மணி மூன்றரை. இனி தலைமைப் பொறியாளர் ஒப்புதல் தர வேண்டும். எதுவும் லேசில் உள்ளே போகாது என்பதால் அவருக்குச் சல்லடை என்று பெயர்.

"ஏற்கெனவே பதினேழு ஆப்ஷன் இருக்கு. இது யாருக்குப்பா?"

"எங்க அக்காவுக்கு சார். போதாதா?" என்று எரிந்து விழுந்தேன். ஹெட்போனை நீட்டி, பழைய கையேட்டை ஓட விட்டேன். அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை மனிதர். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

நாலரைக்கு அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"பத்துக்குப் பத்து! பரீட்சைக்கு வந்து கண்ணால தேடின மத்த ரெண்டு பேரும் எனக்குப் பின்னாடிதான்டா. வேலை கெடச்சாச்சு!"

நடைவழியே அதிரக் கத்தினேன். வெட்கமில்லாமல் அழவும் செய்தேன். சத்தம் கேட்டுச் சல்லடை வந்தார்.

"அந்த ஆப்ஷனை எடுத்துடு."

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஏன் சார்?"

"கத்தாதே. இனிமே எல்லாருக்கும் ஸ்டார் இல்லாமலே வரட்டும். ஸ்டார் வேணும்கறவன் ஆப்ஷன் போட்டுக்கட்டும்."